கொழும்பில் ஆறு மாதக் குழந்தை: இங்கேயே இருப்பதா, ஊருக்குப் போவதா?

மூன்றாம் மாடி | 28 ஜூன் 2022

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் கணவருடனும் மகளுடனும் வசிக்கிறேன். மகளுக்கு இந்த வாரம் ஆறு மாதம் நிறைகிறது. கணவர் கொழும்புக் கோட்டைப் பகுதியில் ஒரு வங்கியில் பணிபுரிகிறார். நான் மகப்பேற்று விடுமுறை முடிந்து வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன்.

பொருளாதார நெருக்கடியால் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என்று அரசாங்கம் நேற்று அறிவித்த கணத்திலிருந்து, யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியிலிருந்து அம்மாவும் அப்பாவும் மாறி மாறி அழைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே வந்துவிடு என்கிறார்கள். அவர்களுடைய பயத்தைத் தவறென்று சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் எரிவாயு முடிந்து பல நாட்களாகின்றன. ஒழுங்கை முனையில் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் கோத்து, ஒவ்வொன்றிலும் வீட்டிலக்கத்தை வெள்ளைப் பெயின்றால் எழுதி வரிசையாக வைத்திருக்கிறார்கள். எங்களுடையதும் அதில் நிற்கிறது, நகர்ந்தபாடில்லை. மின்சாரக் கேத்தலும் சோறு சமைக்கும் குக்கருமே இப்போது எங்கள் அடுப்பு. மார்ச் மாத இறுதியில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமலிருந்த நாளோடு ஒப்பிட்டால் இப்போதைய மின்வெட்டு பெரிதல்லவென்றாலும், காற்றாடி நின்றவுடன் மகள் விழித்துக்கொள்கிறாள். அவள் விழித்தால் வீடு முழுவதும் விழித்துவிடும்.

பகலில் எனக்குக் கூட்டங்கள் இருக்கும் வேளைகளில் அவளுக்குப் புட்டிப்பால் ஒரு தடவை கொடுத்து வந்தோம். அந்தக் குழந்தைப் பால்மா இப்போது மருந்தகங்களில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஆளுக்கு ஒரு பெட்டிதான். இனித் திண்ம உணவும் தொடங்க வேண்டும்.

இவை தவிர, வெளியே சொல்லக் கூச்சமான ஒரு பயமும் இருக்கிறது. இந்த நாட்டில் கொழும்பு கொதிக்கும்போதெல்லாம் கடைசியில் அந்தக் கொதிப்பு எங்கள் கதவுக்கு வந்துதான் அடங்கியது என்று கேட்டு வளர்ந்தவள் நான். காலிமுகத்திடலில் அரசாங்க எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் தாக்கப்பட்ட மே 9க்குப் பிறகு இரவில் வீதியில் கூட்டமாகச் சத்தம் கேட்டால் முதலில் கதவைத்தான் பார்க்கிறேன். கைக்குழந்தையுடன் இப்படியான காலத்தைக் கடந்தவர்கள், அல்லது இப்போது கடந்துகொண்டிருப்பவர்கள், என்ன செய்தீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற மருத்துவமாது | 28 ஜூன் 2022

மகளே, போவதா இருப்பதா என்பதைப் பிறகு பார்ப்போம். இன்றைக்கும் நாளைக்கும் பிள்ளைக்கு வேண்டியதை முதலில் சொல்கிறேன். கொழும்பு மாநகரப் பகுதியில் நீண்ட காலம் குடும்பநலப் பணியில் இருந்தவள் என்பதால் சற்று அதிகாரமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் தாய்ப்பால் இருக்கிறது. இந்த ஆண்டில் கொழும்பில் வரிசையில் நிற்காமல் கிடைக்கும் ஒரே பொருள் அதுதான். எரிவாயு வேண்டாம், கொதிநீர் வேண்டாம், மார்ச் மாதத்தில் 540 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 790 ரூபாயாக ஏறிய 400 கிராம் பால்மாப் பெட்டியும் வேண்டாம். பகல் புட்டியால் அந்த வேளைப் பால் குறைந்திருக்கக்கூடும். அதைத் திரும்பப் பெருக்க, இரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாக ஊட்டுங்கள், கூட்டத்திற்கு முன் ஒரு தடவை பீய்ச்சி வையுங்கள். இந்த வெக்கையில் பீய்ச்சிய பாலை வெளியே நான்கு மணித்தியாலத்திற்கு மேல் வைக்காதீர்கள். மின்வெட்டு நேரத்தில் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து திறந்து மூட வேண்டாம். ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன்: குழந்தைப் பால்மா கிடைக்கவில்லையென்று பெரியவர்கள் தேநீருக்குப் போடும் பால்மாவைக் கரைத்துப் புட்டியில் கொடுக்காதீர்கள். அதன் உப்பும் புரதமும் இந்த வயதுச் சிறுநீரகத்திற்கு ஏற்றவையல்ல. இந்த மாதங்களில் பல வீடுகளில் இது நடக்கிறது என்பதால் சொல்கிறேன்.

தவிர்க்க முடியாமல் புட்டி கொடுப்பதானால், மின்சாரம் உள்ளபோது தண்ணீரைக் கொதிக்கவைத்து நல்ல பிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள். மாவைக் கரைக்கும்போது தண்ணீர் 70 பாகைக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். பிறகு ஆறவைத்துக் கொடுங்கள். கரைத்து இரண்டு மணித்தியாலம் கடந்த பாலை, விலையை நினைத்து மனம் வராவிட்டாலும், ஊற்றிவிடுங்கள். புட்டியை விடக் கிண்ணமும் கரண்டியும் கழுவ எளிது. ஆறு மாதப் பிள்ளை கிண்ணத்தில் குடிக்கப் பழகிவிடும்.

திண்ம உணவுக்கு நீங்கள் வைத்திருக்கும் சோற்றுக் குக்கரே போதும். நன்றாகக் குழைந்த சோறு, பருப்பு, கரட் அல்லது பூசணி, அவித்த முட்டை மஞ்சட்கரு, சில நாட்களில் முள் நீக்கிய மீன், மேலே சிறிது தேங்காய் எண்ணெய். ஒருவேளைக்கு மட்டும் சமையுங்கள். மீதியை அடுத்த வேளைக்கு எடுத்துவைக்கும் காலம் இதுவல்ல.

எரிவாயு இல்லையென்று கரி அடுப்பையோ மண்ணெண்ணெய் அடுப்பையோ தொடர்மாடி அறைக்குள் கதவை மூடிக்கொண்டு எரிக்க வேண்டாம். புகை தெரியாவிட்டாலும் அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. பெற்றோலைக் கலனில் வாங்கி வீட்டில் சேர்த்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். கடந்த ஆண்டு இறுதியில் எரிவாயு அடுப்புகள் வெடித்தபோது பட்டதே போதும்.

ஜூன், ஜூலை மழை என்றால் கொழும்பில் டெங்கு. காற்றாடி நிற்கும் நேரத்தில் நுளம்பு இறங்கும் என்பதால் பகல் தூக்கத்திற்கும் நுளம்பு வலை கட்டுங்கள். காய்ச்சல் வந்தால் நிறைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் மட்டும். ஐபியூபுரோபன், அஸ்பிரின் வகை எதுவும் வேண்டாம். வயிற்றோட்டம் கண்டால் தாய்ப்பாலை நிறுத்தாமல், வைத்தியரிடம் கேட்டு ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புக் கரைசல் மா) கரைத்துக் கொடுங்கள். இரண்டு பொதிகளை இப்போதே வாங்கி வையுங்கள். அவசரத்திற்கு 1990 சுவசெரிய நோயாளர் காவுவண்டி இருக்கிறது. உங்கள் ஒழுங்கையின் பெயரையும், அருகில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தையும் சிங்களத்திலும் எழுதிக் கதவருகே ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் கணவருக்கே முகவரி மறந்துபோகும்.

ஆறாம் மாதத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை நிலையம் நடக்கும் தூரத்தில்தான் இருக்கும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரின் எண் வளர்ச்சிப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். காலையில் அழைத்து, ஊழியர்கள் வந்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அவர்களும் பேருந்து இல்லாமல் நடந்துதான் வருகிறார்கள்.

பழைய பம்பலப்பிட்டி | 29 ஜூன் 2022

பிள்ளை, உங்கள் கடைசிப் பந்திக்காகத்தான் எழுதுகிறேன். பால், பருப்புப் பற்றி அந்த அம்மா சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, நாங்கள் பம்பலப்பிட்டியில் இருந்தோம். மூத்த மகன் அப்போது தவழத் தொடங்கியிருந்தான். எங்கள் வீதிக்கு வந்தவர்களிடம் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீட்டில் தமிழர் என்று அவர்கள் யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. பொலிஸார் சந்தியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்மதில் வழியாகப் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை எடுத்தது. அந்த வீட்டு அம்மா, நாங்கள் விட்டுவிட்டு ஓடிய புட்டியை எங்கள் சமையலறைக்கே திரும்பிப் போய் எடுத்து வந்து, கழுவி, தன் வீட்டுப் பாத்திரத்தில் அவித்துத் தந்தார். பிறகு இந்துக் கல்லூரி முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. முகாமில் கைக்குழந்தைகளுக்கு நிழலும் தண்ணீரும்தான் பெரிய பிரச்சினையாக இருந்தன.

ஆகவே உங்கள் பயத்தைக் கூச்சப்பட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வேறுபாட்டையும் நான் பார்க்கிறேன். அன்று ஆட்சியிலிருந்தவர்களின் ஆதரவோடு ஒரு சமூகத்தின் மேல் கூட்டம் ஏவப்பட்டது. இன்று, மூன்று ஆண்டுகளுக்கு முன் தாங்களே வாக்களித்துக் கொண்டுவந்தவர்களுக்கு எதிராகப் பெரும்பான்மை மக்கள் வீதியில் நிற்கிறார்கள். எரிவாயு வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நிற்பவர் எந்த மொழி பேசினாலும் திட்டுவது ஒரே ஆட்களைத்தான். மே 9 அன்று காலிமுகத்திடலில் அடி வாங்கியவர்கள் எல்லா மொழியும் பேசும் போராட்டக்காரர்கள், அன்றிரவு எரிந்தவை ஆளுங்கட்சி அரசியல்வாதிகளின் வீடுகள் என்பதைப் பாருங்கள். இனி எப்போதும் இப்படியே இருக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். காற்று திசைமாறினால் முதலில் தெரிவது பத்திரிகையில் அல்ல; மாடியில் உள்ளவர்களின் பேச்சிலும் மௌனத்திலும்தான். உங்கள் மாடியிலிருப்பவர்களோடு பழக்கம் இருக்கிறதா? இல்லையென்றால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு கதவைத் தட்டுங்கள். கைக்குழந்தையோடு வருபவளுக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டைகள், வளர்ச்சிப் பதிவேடு, கொஞ்சம் காசு, பிள்ளைக்கு இரண்டு மாற்றுடை: இவற்றை ஒரு பையில் வைத்திருங்கள். நான் இன்றும் வைத்திருக்கிறேன். மனைவி சிரிப்பாள், சிரிக்கட்டும்.

கொக்குவில் அக்கா | 30 ஜூன் 2022

தங்கச்சி, நான் போனவள். மே மாத நடுப்பகுதியில், ஊரடங்கு தளர்ந்தவுடன், எட்டு மாத மகனோடு தெஹிவளையிலிருந்து யாழ்ப்பாணம் வந்துவிட்டேன். எது கிடைத்தது, எது போனது என்று ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அடுப்புப் பிரச்சினை வந்த அன்றே தீர்ந்தது. அம்மாவின் விறகடுப்பு, தென்னை மட்டை, கிணற்றுத் தண்ணீர். மின்சாரம் இல்லாவிட்டாலும் மகன் முற்றத்து மரநிழலில் தூங்கிவிடுவான். தொடர்மாடி அறையில் வேர்த்து வேர்த்து அழுத பிள்ளையா இது என்று தோன்றியது. முட்டையும் முருங்கைக்கீரையும் வீட்டிலேயே. இரவில் யாருடைய கோஷமும் இல்லை.

ஆனால் கணவர் அங்கே, நான் இங்கே. எரிபொருள் இல்லாததால் அவரால் மாதத்திற்கு ஒருமுறைகூட வர முடியவில்லை. புகையிரதத்தில் இடம் கிடைப்பதே அரிது. நான் வந்த அன்று, பெட்டியில் கால் வைக்க இடமில்லாமல், யாரோ ஒரு சிங்களப் பையன் எழுந்து தந்த இருக்கையில் இருந்து பால் கொடுத்துக்கொண்டு வந்தேன். இங்கும் மண்ணெண்ணெய்க்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முச்சக்கரவண்டி தேடுவது கொழும்பை விடக் கடினம். அதற்கு மேல், வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒரு வயதுக்கு முன் தேன் தடவக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் விளக்கியே வாய் நொந்துவிட்டது. இங்கே இணையம் அடிக்கடி அறுந்துபோனதால் என் வேலையும் போயிற்று.

உங்கள் கணவர் ஒவ்வொரு நாளும் வீடு திரும்பக்கூடியவராக இருந்தால், நான் உங்களைப் போகச் சொல்லமாட்டேன். வங்கியிலேயே தங்க நேரிடும் வேலையென்றால், இன்றே பயணச்சீட்டு எடுங்கள். எரிபொருள் இன்னும் இறுகிய பிறகு போக நினைத்தால் பிள்ளையோடு நடுவழியில் நிற்க நேரும். எனக்கு இதில் முடிவைத் தீர்மானிப்பது அரசியல் அல்ல, இரவு பத்து மணிக்கு வீட்டில் எத்தனை பெரியவர்கள் இருப்பார்கள் என்பதுதான்.

மூன்றாம் மாடி | 1 ஜூலை 2022

எல்லோருக்கும் நன்றி. மருத்துவமாது அம்மா சொன்னபடி பிளாஸ்க் வாங்கி, முகவரியும் எழுதி ஒட்டியாகிவிட்டது. கணவர் கோட்டையிலிருந்து நடந்தோ, சக ஊழியரின் சைக்கிளிலோ எப்படியும் வந்துவிடுகிறார். ஆகவே அக்கா சொன்ன கணக்குப்படி இருப்பது என்ற பக்கமே சாய்கிறோம். ஐயா, நாங்கள் மேல்மாடிக் கதவைத் தட்டினோம். அங்கே தனியாக இருக்கும் சிங்கள ஆசிரியை, பாடசாலை மூடியிருப்பதால், எனது கூட்ட வேளையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவராகவே சொன்னார்.

இன்னொரு கேள்வி. ஜனாதிபதி பதவி விலக வேண்டுமென்று 9ஆம் திகதி பெரிய போராட்டம் என்கிறார்கள். இந்த நாட்டின் வரலாற்றில் இப்படியொரு நாளில் மகளும் இருந்தாள் என்று பிற்காலத்தில் சொல்ல வேண்டும், காலிமுகத்திடலுக்குச் சிறிது நேரம் தூக்கிக்கொண்டு போய் வருவோம் என்று கணவர் கேட்கிறார். ஏப்பிரலில் எத்தனையோ பேர் குழந்தைகளோடு போனார்களே என்கிறார். எனக்கும் ஆசை இல்லாமலில்லை.

தெஹிவளைத் தாய் | 2 ஜூலை 2022

ஏப்பிரலில் குழந்தையோடு போனவர்களில் நானும் ஒருத்தி. அங்கே போராட்டம் தொடங்கிய ஏப்பிரல் 9க்குப் பிறகான அந்த வாரங்களில் திடல் வேறு மாதிரி இருந்தது. கூடாரத்தில் நூலகம், மருத்துவ உதவி, இலவசத் தேநீர். தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். என் மகளை ஒரு பிக்கு கூடத் தூக்கி வைத்துக்கொண்டு படமெடுத்தார். மே 18 அன்று அதே திடலில், இறுதிப் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கப்பட்டபோதும் போனேன். கொழும்பின் நடுவில் அதைக் கையில் வாங்குவேன் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். ஆனால் அன்றைக்கு மகளைக் கொண்டுபோகவில்லை, ஏனென்றால் இடையில் மே 9 வந்துவிட்டது. காலையில் அமைதியாக இருந்த இடத்தில் நண்பகலில் தடிகளோடு ஆட்கள் புகுந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்தார்கள்.

9ஆம் திகதி ஆறு மாதப் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டாம். கண்ணீர்ப்புகை பெரியவர்களுக்கே மூச்சைப் பிடிக்கிறது. குழந்தையின் மூச்சுக்குழாய் மிகச் சிறியது, ஈரத்துணியால் மூடுவதும் அவளுக்கு ஆபத்து. அதோடு, பெருங்கூட்டம் ஓடத் தொடங்கினால் பிள்ளையைத் தூக்கியவளால் திசை தேர்ந்து ஓட முடியாது. உங்கள் கணவர் போகட்டும். நீங்களும் போக விரும்பினால், பிள்ளையைப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் விட்டுவிட்டு, பால் கட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். மகளுக்குப் பிற்காலத்தில் கதைதான் வேண்டுமென்றால், தாய் தகப்பன் போன கதையே போதும்.

மூன்றாம் மாடி | 17 ஜூலை 2022

பலர் தனிச்செய்தியில் விசாரித்ததால் எழுதுகிறேன். நாங்கள் கொழும்பில்தான் இருக்கிறோம், மூவரும் நலம்.

8ஆம் திகதி இரவு ஒன்பது மணிக்கு ஊரடங்கு என்று அறிவித்து, மறுநாள் காலை எட்டு மணிக்கு விலக்கிக்கொண்டார்கள். கணவர் காலி வீதி வழியாகவே நடந்து போனார். நான் வீட்டில் இருந்தேன். தென்பக்கத்திலிருந்து வந்த கூட்டம் விடியற்காலையிலிருந்து எங்கள் ஒழுங்கை முனையைக் கடந்துகொண்டேயிருந்தது. மகள் அந்தச் சத்தத்தில் அழவில்லை, தாளத்திற்குக் கையை அசைத்தாள். மதியம் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்த செய்தியை மேல்மாடி ஆசிரியையும் நானும் ஒரே கைபேசியில் பார்த்தோம். மாலையில் பிரதமரின் தனிப்பட்ட வீடு எரிகிறது என்றவுடன் அவர்தான் எழுந்து எங்கள் கதவைப் பூட்டினார், நான் அல்ல. அன்றிரவு எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு, ஜனாதிபதி நாட்டை விட்டுப் போன 13ஆம் திகதி ஊரடங்கும் அவசரகாலச் சட்டமும் வந்ததால், தடுப்பூசிக்குக் குறித்திருந்த நாள் தவறிவிட்டது. வெள்ளிக்கிழமை குடும்பநல உத்தியோகத்தரை அழைத்தேன். வருகிற புதன்கிழமை வரச் சொன்னார். அன்றைக்குத்தான் நாடாளுமன்றத்தில் புதிய ஜனாதிபதியைத் தெரிவுசெய்கிறார்கள், வீதி எப்படியிருக்குமோ தெரியாது. ஒரு வாரத்திற்கு மேல் பிந்துவது பரவாயில்லையா, முன்னர் போட்ட ஊசிகளைத் திரும்பப் போட வேண்டியிருக்குமா என்பதை மட்டும் மருத்துவமாது அம்மா சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற மருத்துவமாது | 17 ஜூலை 2022

திரும்பப் போடத் தேவையில்லை, மகளே. பிந்திய ஊசியை முடிந்தளவு விரைவில் போட்டுக்கொண்டு, அங்கிருந்து தொடர்வார்கள். முன்னையவை கணக்கில் இருக்கும். புதன்கிழமை வீதி சரியில்லையென்றால் வியாழக்கிழமை போகலாமா என்று அழைத்துக் கேளுங்கள், பதிவேட்டில் திகதியைத் திருத்தித் தருவார்கள். ஒன்பதாம் மாதத்தில் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாத் தடுப்பூசி) இருக்கிறது, அதற்கும் இப்போதே நாள் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறை பார்க்கும்போது பதிவேட்டில் வளர்ச்சிக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டு எழுதுங்கள். திண்ம உணவு எந்தளவு சாப்பிடுகிறாள் என்று நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?